நிலுவைப் பட்டியலுக்குப் பதினோரு நிமிடம்: புது சர்வர் வாங்கத்தான் வேண்டுமா?

காவிரிக் கரையிலுள்ள ஊரொன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மருந்து மொத்த விற்பனை ஏஜென்சி ஒன்றில் நான்கு ஆண்டுகளாக வேலை பார்க்கிறார். பில் போடும் மென்பொருளிலிருந்து பிரிண்டரில் சிக்கும் காகிதம் வரை எல்லாம் அவர் பொறுப்பு. சுமார் 640 மருந்துக் கடைகளுக்குச் சரக்கு போகிறது. தினமும் காலை ஒன்பது மணிக்கு வசூலுக்குப் புறப்படும் நான்கு பையன்கள் கையில் பில் வாரியான நிலுவைப் பட்டியல் இருந்தாக வேண்டும். முன்பு ஒரு நிமிடத்துக்குள் வந்த பட்டியலுக்கு இப்போது பதினோரு நிமிடம் ஆகிறது. அது ஓடி முடியும்வரை கவுண்டரில் பில் போடுவதும் திணறுகிறது.

தரவுத்தள மென்பொருள் மைஎஸ்க்யூஎல் 5.7. கடை, பில், பில் ஐட்டம், ரசீது என்று நான்கு டேபிள்கள், அதாவது அட்டவணைகள். ஐந்து ஆண்டுகளில் சேர்ந்தவை 58,000 பில்கள், மூன்றரை லட்சம் ஐட்டங்கள், 95,000 ரசீதுகள். சென்ற ஆண்டு பில் மென்பொருளைப் புதுப்பித்தபோது பில் டேபிளையும் ஐட்டம் டேபிளையும் புதிதாக உருவாக்கிப் பழைய தரவை அவற்றுக்கு மாற்றினார்கள். ரசீது டேபிள் மட்டும் பழையபடியே இருக்கிறது. வேகம் குறைந்தது அதற்குப் பிறகுதான். பட்டியல் எடுக்கும் குவெரி, அதாவது தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி, இவருக்கு முன்பு வேலையில் இருந்தவர் எழுதியது. யாரும் அதில் கை வைத்ததில்லை.

இவர் சும்மா இருக்கவில்லை. ரசீது டேபிளில் பில் எண்ணுக்கு இண்டெக்ஸ், அதாவது சீக்கிரம் தேட உதவும் வரிசைப்பட்டியல், போட்டுப் பார்த்தார். ஒரு விநாடிகூடக் குறையவில்லை. கோபத்தில் ஐட்டம் டேபிளில் பதினான்கு இண்டெக்ஸ்கள் போட்டார். "ஜாயின் என்றாலே மெதுவாகத்தான் இருக்கும், நான்கு டேபிளையும் ஒன்றாக்கிவிடு" என்கிறார் ஒரு நண்பர். (ஜாயின் என்பது டேபிள்களை இணைத்துத் தரவு எடுப்பது.) மாங்கோடிபி என்ற வேறு வகைத் தரவுத்தளத்துக்குப் போய்விடு என்கிறார் இன்னொருவர். கணினி விற்பவர் 32 ஜிபி சர்வருக்கு விலைப்புள்ளி கொடுத்துவிட்டார். முதலாளியோ, "வாங்கித் தருகிறேன், அதற்குப் பிறகும் இப்படியே இருந்தால் வேறு ஆள்தான் பார்க்க வேண்டும்" என்று சொல்லியிருக்கிறார். என்ன செய்யட்டும் என்று கேட்கிறார் வாசகி. கடிதத்தை முடிக்கும்போது போகிறபோக்கில் ஒரு வரி: "சில பில்களுக்குத் தொகை கொஞ்சம் முன்னே பின்னே வரும், அதைக் கணக்காளர் அண்ணன் பேனாவால் திருத்திக்கொள்வார், அது பிரச்சினை இல்லை."

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் ஒரு சின்னக் கண்டிப்பு. கடிதத்தோடு முழுத் தரவுத்தளத்தின் பிரதியையும் இணைத்து அனுப்பிவிட்டீர்கள். அதை நான் திறக்கவில்லை, அழித்துவிட்டேன். அதில் 640 கடைக்காரர்களின் தொலைபேசி எண்கள் இருக்கின்றன, யார் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார்கள் என்பது இருக்கிறது. முன்பின் தெரியாத எனக்கு அதை அனுப்பும் உரிமை உங்களுக்கும் இல்லை, உங்கள் முதலாளிக்கும் இல்லை. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை விடுங்கள். போட்டி ஏஜென்சியின் கையில் அந்தக் கோப்பு கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே போதும். மெதுவான குவெரிக்கு வைத்தியம் சொல்ல மூன்று விஷயங்கள் போதும்: குவெரி, டேபிள்களின் அமைப்பு, குவெரியைச் சர்வர் எப்படி ஓட்டும் என்று எக்ஸ்ப்ளெயின் கட்டளை காட்டும் திட்டம். மூன்றையும் தனியாக ஒட்டியிருந்தீர்கள். அவற்றை வைத்துத்தான் எழுதுகிறேன்.

அந்தக் கடைசி வரி

பதினோரு நிமிடத்தைப் பற்றிப் பிறகு பேசுவோம். "கொஞ்சம் முன்னே பின்னே வரும்" என்றீர்களே, அதுதான் நோய். தாமதம் அதன் காய்ச்சல்.

உங்கள் குவெரி பில்லோடு ஐட்டங்களை லெஃப்ட் ஜாயின் செய்கிறது, அதாவது ஜோடி இல்லாத பில்லையும் விடாமல் இணைக்கிறது. அதே வீச்சில் ரசீதுகளையும் லெஃப்ட் ஜாயின் செய்கிறது. பிறகு பில் எண் வாரியாகக் கூட்டுகிறது. ஒரு பில்லை எடுத்துக்கொள்வோம். அதில் நான்கு ஐட்டங்கள்: 1,200, 850, 850, 2,100. மொத்தம் 5,000 ரூபாய். கடைக்காரர் இரண்டு தவணையில் 1,500, 1,500 கட்டியிருக்கிறார். நிலுவை 2,000. சிறு பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

ஜாயின் செய்ததும் என்ன நடக்கிறது? ஐட்டத்துக்கும் ரசீதுக்கும் நேரடி உறவு எதுவும் இல்லை. இரண்டுக்கும் பொது பில் எண் மட்டுமே. ஆகவே நான்கு ஐட்டம் ஒவ்வொன்றோடும் இரண்டு ரசீதுகளும் சேர்ந்து எட்டு வரிசைகள் கிடைக்கின்றன. கூட்டினால் ஐட்டத் தொகை 10,000, ரசீதுத் தொகை 12,000. கடைக்காரருக்கு நீங்கள் 2,000 ரூபாய் தர வேண்டும் என்று வரும்! உங்களுக்கு முன்பிருந்தவர் இதைப் பார்த்துத் திடுக்கிட்டிருப்பார். எதனால் என்று தேடாமல், கூட்டும் இடத்தில் டிஸ்டிங்க்ட் என்ற சொல்லைச் செருகிவிட்டார். அதாவது, ஒரே தொகை திரும்ப வந்தால் ஒருமுறை மட்டும் சேர்த்துக்கொள் என்று கட்டளை.

இப்போது கணக்குப் பாருங்கள். ஐட்டம்: 1,200, 850, 2,100 என்று 4,150. இன்னொரு 850 காணாமல் போய்விட்டது, அது வேறு மருந்தாக இருந்தும். ரசீது: 1,500 மட்டும், இரண்டாம் தவணையும் அதே தொகை என்பதால் விழுங்கப்பட்டது. நிலுவை 2,650. உண்மையைவிட 650 ரூபாய் அதிகம். எல்லா ஐட்டமும் வெவ்வேறு விலையிலும் எல்லாத் தவணையும் வெவ்வேறு தொகையிலும் இருக்கும் பில்களில் கணக்கு சரியாக வந்துவிடும். அதனால்தான் "சில பில்களுக்கு மட்டும்" என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. ஒரே அளவு தவணையாகத் தவறாமல் கட்டும் நேர்மையான கடைக்காரர்தான் இதில் அதிகம் மாட்டுகிறார் என்பதைக் கவனியுங்கள். அவருடைய தவணைகளைத்தான் பட்டியல் தின்கிறது. கணக்காளர் அண்ணனின் பேனா இத்தனை நாள் உங்கள் ஏஜென்சியின் மானத்தைக் காப்பாற்றி வந்திருக்கிறது.

குவெரி ஒன்றில் டிஸ்டிங்க்டைப் பார்த்தால் நான் முதலில் சந்தேகப்படுவேன். சில இடங்களில் அதற்கு நியாயமான வேலை உண்டு. பெரும்பாலும், தேவையில்லாமல் பெருகிய வரிசைகளை மறைக்கப் போட்ட போர்வையாகத்தான் இருக்கும்.

684 கோடி ஒப்பீடு

இனி தாமதம். ஜாயின் என்பது புதிய வித்தை ஒன்றும் இல்லை. நம் வீடுகளில் மொய் நோட்டோடு செய்வதுதான். மகள் கல்யாணத்துக்கு 600 பேருக்குப் பத்திரிகை வைக்கிறீர்கள். ஒவ்வொருவரும் பெரியவன் கல்யாணத்தில் எவ்வளவு எழுதினார்கள் என்று பழைய மொய் நோட்டில் பார்க்க வேண்டும். நோட்டில் 900 பெயர்கள், வந்த வரிசையில் எழுதியவை. ஒவ்வொரு பெயருக்கும் நோட்டை முதலிலிருந்து கடைசி வரை புரட்டினால் 5,40,000 முறை கண் ஓட வேண்டும். அதே நோட்டை ஊர் வாரியாகப் பிரித்து எழுதி வைத்திருந்தால் ஒரு மாலையில் முடிந்துவிடும். முதலாவது, இண்டெக்ஸ் இல்லாத நெஸ்டட் லூப் ஜாயின். இரண்டாவது, இண்டெக்ஸோடு.

உங்கள் எக்ஸ்ப்ளெயினில் ரசீது டேபிளுக்கு நேரே 'டைப்' என்ற இடத்தில் 'ஆல்' என்றும், 'கீ' என்ற இடத்தில் 'நல்' (எதுவும் இல்லை) என்றும், கடைசியில் பிளாக் நெஸ்டட் லூப் என்றும் இருக்கிறது. நோட்டை முழுதாகப் புரட்டுகிறேன் என்று சர்வர் ஒப்புக்கொள்ளும் வாக்குமூலம் அது. இந்த நிதியாண்டின் பில்கள் ஏறத்தாழ 12,000. பில்லுக்குச் சராசரி ஆறு ஐட்டம் என்றால் 72,000 வரிசைகள். ஒவ்வொன்றையும் 95,000 ரசீதுகளோடு ஒப்பிட வேண்டும். பெருக்கினால் 684 கோடி. 'பிளாக்' என்பதன் பொருள், ஒரு கைப்பிடி வரிசைகளை நினைவகத்தில் வைத்துக்கொண்டு நோட்டை ஒருமுறை புரட்டுவது. புரட்டும் தடவைகள் குறையும். ஒப்பிடும் எண்ணிக்கை குறையாது. இவ்வளவையும் பதினோரு நிமிடத்தில் முடிக்கிறதே என்று நான் வியந்தேன். உங்கள் பழைய கணினிக்கு ஒரு கும்பிடு போடலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஐட்டங்களை இந்த ஜாயினில் கலக்காமல் இருந்திருந்தால் 12,000 வரிசைகள்தான். வேலை ஆறில் ஒரு பங்கு. தொகையைக் கெடுத்த அதே பெருக்கல்தான் நேரத்தையும் ஆறு மடங்காக்கியது.

பில் டேபிளிலேயே தொகை இருக்கிறதே, ஐட்டங்கள் எதற்கு என்று முதலில் எனக்குத் தோன்றியது. காலாவதியான மருந்துகளைக் கடைகள் திருப்பும்போது ஐட்டம் டேபிளில் மைனஸ் வரிசையாகப் பதிகிறீர்கள் என்பதைப் பிறகுதான் பார்த்தேன். ஆகவே ஐட்டம் தேவைதான்.

இண்டெக்ஸ் போட்டும் ஏன் கைகொடுக்கவில்லை

இந்த இடம்தான் உங்களை வாட்டியிருக்கும். ரசீது டேபிளில் பில் எண்ணுக்கு இண்டெக்ஸ் போட்டீர்கள், சரியான இடத்தில்தான் போட்டீர்கள். சர்வர் அதைத் தொடவே இல்லை. உங்கள் மேல் தப்பில்லை.

டேபிள் அமைப்புகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதிய பில் டேபிளின் கடைசி வரியில் கேரக்டர் செட் (எழுத்துகளைச் சேமிக்கும் முறை) யூடிஎஃப்8எம்பி4 என்று இருக்கிறது. பழைய ரசீது டேபிளில் வெறும் யூடிஎஃப்8. மைஎஸ்க்யூஎல்லின் பழைய யூடிஎஃப்8 ஓர் எழுத்துக்கு அதிகபட்சம் மூன்று பைட்தான் ஒதுக்கும். தமிழ் எழுத்துக்குறிகள் ஒவ்வொன்றும் மூன்று பைட்டில் அடங்கிவிடுவதால் கடைப் பெயர்களைத் தமிழில் போட்டும் உங்களுக்கு ஒரு குறையும் தெரிந்திருக்காது. நான்கு பைட் வேண்டிய எமோஜி போன்றவை வந்தபோதுதான் உலகம் எம்பி4க்கு நகர்ந்தது. மென்பொருளைப் புதுப்பித்தவர்கள் நல்லதையே செய்தார்கள். ஒரு டேபிளை மட்டும் விட்டுவிட்டார்கள்.

உங்கள் பில் எண் ஆண்டும் வரிசை எண்ணும் சேர்ந்த எழுத்துச் சரம். இரண்டு வேறு கேரக்டர் செட்களில் உள்ள சரங்களை ஒப்பிடும்போது சர்வர் சிறியதைப் பெரியதாக மாற்றிக்கொண்டுதான் ஒப்பிடும். அதாவது ரசீது டேபிளின் பில் எண் ஒவ்வொன்றையும் எம்பி4ஆக மாற்றி, பிறகு பார்க்கும். இண்டெக்ஸ் அடுக்கப்பட்டிருப்பதோ மாற்றுவதற்கு முந்தைய வடிவத்தில். மாற்றிய வடிவத்தை அதில் தேட முடியாது. கண்ணுக்கு இரண்டும் ஒரே எண்ணாகத் தெரிவதால், எத்தனையோ பேர் இதில் வாரக்கணக்கில் மாட்டியிருக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் மாட்டியவன்தான்.

நம்ப முடியாவிட்டால் எக்ஸ்ப்ளெயினை ஓட்டியதும் அடுத்த வரியில் ஷோ வார்னிங்ஸ் என்று அடித்துப் பாருங்கள். சர்வர் தன் பாணியில் திருத்தி எழுதிக்கொண்ட குவெரியைக் காட்டும். அதில் ரசீதின் பில் எண்ணைச் சுற்றி கன்வெர்ட் என்ற உறை இருக்கும்.

அதே குணமுள்ள இரண்டாவது உறை ஒன்று உங்கள் குவெரியிலேயே இருக்கிறது. நிதியாண்டைக் கண்டுபிடிக்க, பில் தேதியிலிருந்து மூன்று மாதம் கழித்து, வரும் தேதியின் ஆண்டு 2025 தானா என்று பார்க்கிறது. கெட்டிக்காரத்தனமான கணக்கு, விடையும் சரி. ஆனால் தேதியின் மேல் ஒரு கணக்கைப் போட்டுவிட்டால் தேதி இண்டெக்ஸ் பயன்படாது. 58,000 பில்களுக்கும் கழித்தல் நடக்கும். வாக்காளர் பட்டியல் தெரு, கதவு எண் வரிசையில் இருக்கிறது. "15ஆம் எண் வீடு" என்று கேட்டால் விரலை வைத்துவிடலாம். "கதவு எண்ணோடு மூன்றைக் கூட்டினால் 18 வரும் வீடு" என்று கேட்டால் மனிதன் யோசித்து 15க்குப் போவான். சர்வர் போகாது, எல்லா வீட்டுக்கும் கூட்டிப் பார்க்கும். கணக்கை நீங்களே முடித்துக் கொடுங்கள்: பில் தேதி 2025 ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பின், 2026 ஏப்ரல் 1க்கு முன்.

"பிட்வீன்" போட்டு மார்ச் 31 வரை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உங்கள் பில் தேதியில் நேரமும் சேர்ந்திருக்கிறது. மார்ச் 31 என்றால் சர்வருக்கு அன்று நள்ளிரவு பூஜ்யம் மணி. வருடக் கடைசி நாளின் விற்பனை முழுவதும் பட்டியலிலிருந்து விழுந்துவிடும்.

சர்வர், மாங்கோடிபி, ஒரே டேபிள்

உங்கள் தரவுத்தளக் கோப்பு எல்லாம் சேர்ந்து 210 எம்பி என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கும் கணினியில் 8 ஜிபி நினைவகம். முழுத் தரவையும் நினைவகத்தில் வைத்துக்கொண்டு மீதி இடத்தில் படுத்து உறங்கலாம். தரவை நினைவகத்தில் வைக்க மைஎஸ்க்யூஎல் ஒதுக்கும் இடமான இன்னோடிபி பஃபர் பூலின் அளவு தொடக்கத்திலிருந்த 128 எம்பியிலேயே நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்; நின்றால் 2 ஜிபி ஆக்கிவிடுங்கள். காசு செலவில்லாத வைத்தியம். 32 ஜிபி சர்வர் வாங்கினாலும் 684 கோடி ஒப்பீடு 684 கோடியாகவே இருக்கும். செயலி வேகமாக இருந்தால் பதினொன்று ஏழு நிமிடமாகலாம். முதலாளி சொன்ன "வேறு ஆள்" நிபந்தனை மட்டும் அப்படியே நிற்கும். ஹார்டு டிஸ்க் ஆயுள் முடிந்து சர்வர் மாற்றுவது வேறு விஷயம். அதை இதோடு கலக்காதீர்கள்.

மாங்கோடிபியும் நான்கு டேபிளை ஒன்றாக்குவதும் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது. ஒரே டேபிளாக்கினால் ஒவ்வொரு ஐட்டத்திலும் கடையின் பெயரும் முகவரியும் திரும்பத் திரும்ப உட்காரும். ஒரு கடை முகவரி மாற்றினால் ஆயிரம் வரிசைகளைத் திருத்த வேண்டும், ஒன்று விட்டுப்போனாலும் பொய். ஐட்டமும் ரசீதும் ஒரே வரிசையில் எப்படி உட்காரும் என்று யோசித்தீர்களா? மேலே பார்த்த எட்டு வரிசைச் சிக்கலை நிரந்தரமாக எழுதி வைத்ததாகிவிடும். "ஜாயின் என்றாலே மெதுவு" என்பது நீண்ட காலமாக உலவும் வதந்தி. எந்த டேபிளிலிருந்து தொடங்குவது, எப்படி இணைப்பது என்பதைத் தரவுத்தளமே செலவு பார்த்து முடிவு செய்யும் முறையை ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் பாட்ரிசியா செலிங்கரும் சகாக்களும் 1979லேயே எழுதி வெளியிட்டுவிட்டார்கள். இன்றைய தரவுத்தளங்கள் பலவற்றுக்கும் அதுதான் மூலம். 12,000 பில்லை இண்டெக்ஸ் வழியாக இணைப்பது உங்கள் கணினிக்குக் கொட்டாவி விடும் நேரத்து வேலை.

ஒரு மாற்று வழியை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். மைஎஸ்க்யூஎல் 8.0இல், 2019இல் வந்த 8.0.18 பதிப்பு முதல், இண்டெக்ஸ் இல்லாமலே வேகமாக இணைக்கும் ஹாஷ் ஜாயின் இருக்கிறது. பிறகு அது லெஃப்ட் ஜாயினுக்கும் வந்தது. பதிப்பை உயர்த்தியிருந்தால், கேரக்டர் செட் முரண் இருந்தும் உங்கள் பட்டியல் பெரும்பாலும் வேகமாக வந்திருக்கும். எல்லாரும் மகிழ்ந்திருப்பீர்கள். 2,650 ரூபாய் நிலுவை பதினோரு நிமிடத்துக்குப் பதில் இரண்டு விநாடியில் வந்திருக்கும். 5.7க்கான ஆதரவு 2023 அக்டோபரோடு முடிந்துவிட்டதால் பதிப்பு உயர்வு எப்படியும் தேவை. 5.7இலிருந்து 8.0, அங்கிருந்து 8.4 என்று படிப்படியாகத்தான் ஏற முடியும். இந்த வாரம் வேண்டாம். ஒரே நாளில் இரண்டு மருந்து கொடுத்தால் எது குணமாக்கியது என்று தெரியாது.

எந்த வரிசையில் செய்வது

முதலில் பிரதி. மைஎஸ்க்யூஎல்டம்ப் கட்டளையால் பிரதி எடுத்தால் மட்டும் போதாது. வேறொரு கணினியில் அதை ஏற்றிப் பாருங்கள். ஏறாத பிரதி பிரதி ஆகாது. அந்தக் கணினிதான் உங்கள் பரிசோதனைக் கூடமும். கீழே சொல்லும் எல்லாவற்றையும் அங்கே செய்து பார்த்த பிறகே கடைக் கணினியைத் தொடுங்கள்.

அடுத்தது கேரக்டர் செட். ரசீது டேபிளை ஆல்டர் டேபிள் கட்டளையால் யூடிஎஃப்8எம்பி4க்கு மாற்றுங்கள். கொலேஷன் என்ற வரிசைப்படுத்தும் விதியும் பில் டேபிளில் என்ன இருக்கிறதோ அதே பெயரில் இருக்க வேண்டும். அது வேறுபட்டால் ஜாயின் பிழை காட்டி நின்றுவிடும். மாற்றம் நடக்கும்போது அந்த டேபிளில் புதிதாக எதையும் எழுத முடியாது. 95,000 வரிசைகளுக்கு அதிக நேரம் ஆகாது. ஆனாலும் ஷட்டர் இறக்கிய பிறகு செய்யுங்கள். இளவயதில் நான் ஒரு கடையில் பட்டப்பகல் இரண்டு மணிக்கு, "ஒரு நிமிடம்தானே" என்று பெரிய டேபிள் ஒன்றில் இதே கட்டளையை ஓட்டினேன். ஆறு கவுண்டரும் நின்றன. வாடிக்கையாளர்கள் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் முதுகில் இருக்கிறது.

பிறகு குவெரி. இணைத்துவிட்டுக் கூட்டாதீர்கள், கூட்டிவிட்டு இணையுங்கள். ஐட்டங்களைப் பில் எண் வாரியாகக் கூட்டி ஒரு சிறு பட்டியல், ரசீதுகளைப் பில் எண் வாரியாகக் கூட்டி இன்னொரு சிறு பட்டியல். இரண்டிலும் ஒரு பில்லுக்கு ஒரே வரிசைதான் இருக்கும். அவற்றை பில் டேபிளோடு லெஃப்ட் ஜாயின் செய்தால் எதுவும் பெருகாது, டிஸ்டிங்க்டுக்கு வேலையே இல்லை. இரண்டு எச்சரிக்கை. ஒரு பைசாகூடக் கட்டாத பில்லுக்கு ரசீதுத் தொகை பூஜ்யமாக வராது, நல் ஆக வரும். 5,000 கழித்தல் நல் என்றால் விடையும் நல்; அதிகம் பாக்கி வைத்தவர் பெயருக்கு நேரே வெற்றிடம் தெரியும். கோயலெஸ் போட்டுப் பூஜ்யமாக்குங்கள். இரண்டாவது, திரும்பி வந்த காசோலைகளை ஒதுக்கும் நிபந்தனையை ரசீதுகளைக் கூட்டும் இடத்துக்கு உள்ளேயே வையுங்கள். வெளியே, குவெரியின் கடைசியில் வரும் 'வேர்' என்ற நிபந்தனைப் பகுதியில் வைத்தால் ரசீதே இல்லாத பில்கள் சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும்.

இண்டெக்ஸ்களுக்குக் கடைசியில் வாருங்கள். பில் தேதிக்கு ஒன்று. ரசீதில் பில் எண்ணும் தொகையும் சேர்ந்த ஒன்று. ஐட்டத்தில் ஏற்கனவே இருக்கும் பில் எண் இண்டெக்ஸ். போதும். நீங்கள் போட்ட பதினான்கையும் என்ன செய்வது? ஒவ்வொரு ஐட்டம் பதியும்போதும் சர்வர் அத்தனை இண்டெக்ஸையும் திருத்துகிறது. கவுண்டர் திணறுவதில் அதற்கும் பங்கு உண்டு. மைஎஸ்க்யூஎல்லோடு வரும் சிஸ் என்ற தரவுத்தளத்தில் தேவையற்ற இரட்டை இண்டெக்ஸ்களைக் காட்டும் பட்டியல் இருக்கிறது; அதிலிருப்பவற்றைத் தயங்காமல் நீக்கலாம். பயன்படாத இண்டெக்ஸ்களின் பட்டியலும் உண்டு. ஆனால் அது சர்வரைக் கடைசியாக இயக்கிய நாளிலிருந்துதான் கணக்கு வைத்திருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை ஆடிட்டருக்கு எடுக்கும் அறிக்கைக்கான இண்டெக்ஸ் அதில் "பயன்படாதது" என்று தெரியலாம். வாரத்துக்கு ஒன்று என்று மெல்ல நீக்குங்கள்.

ஒவ்வொரு படிக்கும் பிறகு எக்ஸ்ப்ளெயினை எடுத்து வையுங்கள். கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள்: இரண்டாம் முறை ஓட்டும்போது தரவு ஏற்கனவே நினைவகத்தில் இருப்பதால் எந்தக் குவெரியும் கொஞ்சம் வேகமாகத்தான் தெரியும். கேரக்டர் செட்டை மாற்றியதும் ரசீது வரிசையில் 'ஆல்' போய், இண்டெக்ஸ் வழியே தேடுவதைக் குறிக்கும் 'ரெஃப்' வந்ததா, ஒரு பில்லுக்கு அது தொடும் ரசீதுகள் தொண்ணூற்றைந்தாயிரத்திலிருந்து ஒன்றிரண்டாகக் குறைந்ததா என்று பாருங்கள். குவெரியை மாற்றிய பிறகு கூட்டிய பட்டியல் எக்ஸ்ப்ளெயினில் வேறு பெயரோடு தனி வரிசையாகத் தெரியும், குழம்ப வேண்டாம்.

முதலாளியிடம் எப்படிச் சொல்வது

வேகத்தைச் சரிசெய்துவிட்டு, தொகைப் பிழையைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்ற எண்ணம் வரும். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இருப்பவருக்கு அது இயல்பு. ஆனால் புதிய பட்டியலின் முதல் நாளே கணக்காளர் கண்டுபிடித்துவிடுவார். இத்தனை நாள் பேனாவால் திருத்திய பில்கள் திடீரென்று சரியாக வந்தால் அவருக்குத் தெரியாதா? முந்திக்கொள்ளுங்கள். பிழையை எழுதியவர் நீங்கள் இல்லை, கண்டுபிடித்தவர் நீங்கள்.

பரிசோதனைக் கணினியில் பழைய குவெரியையும் புதியதையும் ஒரே நாள் தரவின் மேல் ஓட்டி, வேறுபடும் பில்களை மட்டும் ஒரு தாளில் எடுங்கள்: பில் எண், கடை, பழைய நிலுவை, சரியான நிலுவை, வித்தியாசம். அந்தத் தாளை முதலில் கணக்காளர் அண்ணனிடம் காட்டி, அவர் திருத்தியவற்றோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அவர் கண்ணுக்குத் தப்பிய பில்கள் இருந்தால், எந்தக் கடையிலாவது அதிகமாக வசூலித்திருக்கிறோமா என்பது உடனே தெரியும். பிறகு இருவருமாகச் சேர்ந்து முதலாளியிடம் போங்கள். "பட்டியல் மெதுவு" என்றால் அவருக்கு அது உங்கள் கணினிப் பிரச்சினை. "இன்ன கடைக்காரரிடம் 650 ரூபாய் கூடுதலாகக் கேட்க இருந்தோம்" என்றால் அது அவர் வியாபாரம். உட்காரச் சொல்லிக் கேட்பார். சர்வர் விலைப்புள்ளியை அப்போது மேசையில் வைக்காதீர்கள்.

இன்னும் ஒன்று, உங்கள் கடிதத்தைத் திரும்பப் படிக்கும்போது உறுத்தியது. நிலுவைப் பட்டியல் நடப்பு நிதியாண்டின் பில்களை மட்டும் எடுக்கிறது. அப்படியானால் ஏப்ரல் 1 காலையில் வசூல் பையன்கள் கையில் இருக்கும் பட்டியலில் மார்ச் மாதத்து நிலுவைகள் எங்கே இருக்கும்? கணக்காளர் அண்ணனிடம் கேட்டுப் பாருங்கள். அதற்கென்று அவர் தனியாக ஒரு நோட்டு வைத்திருப்பார் என்று நினைக்கிறேன்.